பிளேடு நுழையாத சுவர்

நாங்கள் பிக்கப்பிலிருந்து இறங்கியதும் அவர் எங்கள் பையைத்தான் முதலில் பார்த்தார்.

"தொறயும்," என்றார்.

திறந்தேன். இரண்டு சுத்தியல், மூன்று உளி, ஒரு ரம்பம், ஆணி பிடுங்குகிற சின்னக் கடப்பாரை. எல்லாவற்றையும் சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து மஞ்சள் பென்சிலைக் காதில் செருகினார். பாதி தேய்ந்த பென்சில்.

"போம்போளும் பாப்பேன்," என்றார்.

அவர்தான் அந்தச் சர்ச்சுக்குக் காவல். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். முன்னே மீன் பிடித்தவர். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். அறுபது நெருங்கிவிட்டது.

அபுதாபியில் ருவைஸிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் போனால் கடலை ஒட்டி எண்ணெய்க் கம்பெனியின் பழைய காலனி வரும். நாற்பது வீடு இருக்கும். குளிர் காலத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வந்து தங்கும். பிள்ளைகள் மணலில் ஓடும் என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நாங்கள் போனது கோடையில். கோடையில் அங்கே எங்களைப் போன்றவர்கள்தான் இருப்போம்.

சர்ச்சு முழுக்க மரம். கூரை மட்டுமில்லை, சுவரிலும் மர ஓடு. கை அகலத்துக்குச் சீவிய மெல்லிசுப் பலகைகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மீன் செதில் மாதிரி. எஞ்சினியர்கள் சிங்கிள் என்பார்கள். வெயிலிலும் உப்பிலும் சாம்பல் நிறமாகிவிட்டது. அந்த நாடே உருவாவதற்கு முன்னால் கட்டியது என்றார்கள். மரத்தைக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். வெளியே சிலுவை கிடையாது. மணி கிடையாது. அங்கே அப்படித்தான் சட்டம். தெரியாதவன் பார்த்தால் குடோன் என்பான். உள்ளே போனால்தான் பெஞ்சும் சிலுவையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை வெள்ளிக்கிழமை நடத்துவார்கள்.

கடலைப் பார்த்த சுவர் உளுத்துப்போயிருந்தது. அதை முழுக்கப் பிரித்துப் புது ஓடு அடிக்க வேண்டும். அக்டோபர் முதல் வெள்ளிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் வேலை முடிய வேண்டும். ஆள் இரண்டு பேர். நானும், திருவாரூர்ப் பக்கத்துக்காரன் ஒருவனும். நான் சிவகங்கைச் சீமை. ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப்பின் மரம்தான். வளைகுடாவுக்கு வந்ததும் தோஹா தொழில்பேட்டையில் மூன்று வருடம் பெட்டி அடித்தேன். அதற்குப்பின் இந்தக் கம்பெனி.

காவல்காரர் முதல் நாளே கேட்டார்.

"நீங்க ரெண்டுபேரும் வேதக்காரங்களா?"

"இல்லண்ணாச்சி."

"ம்."

"ஏன், ஆணி அடிச்சா இறங்காதா?" என்றான் திருவாரூர்க்காரன்.

அவர் சிரிக்கவில்லை. "இதுக்கு முந்தி வந்தவனுவ பழைய பலகைய அடுப்புல வச்சு கறி காய்ச்சுனானுவ," என்றார். "வேதக்காரனுவதான்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மாலையில் கேட்டில் நின்று பையைத் திறக்கச் சொன்னார். நாங்கள் காலனிக்கு வெளியே தகரக் கேபினில் இருந்தோம். நூறு அடி தூரம். அதற்கும் சோதனை.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எதையும் எடுத்தவனில்லை. என்னைப் பார்க்கிற ஆளை நானும் பார்ப்பேன். பார்த்தேன். காலையில் விளக்குமாறோடு சுவரைச் சுற்றி வருவார். மணலை வரிவரியாகக் கூட்டுவார். நாங்கள் சாரத்தில் ஏறியதும் கீழே வந்து நின்றுகொள்வார். ஒரு மணி நேரம் நிற்பார். ஒன்றும் பேசமாட்டார்.

பழைய ஓட்டைப் பிரித்தபோது ஒன்று கவனித்தேன். ஒரு ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் இடுக்கு விட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு. வடக்குச் சுவரிலும் அதே மாதிரி.

"வெள்ளைக்காரன் தச்சு வேலை இவ்வளவுதான் போலருக்கு," என்றேன்.

"அவனுக்கு என்னண்ணே, ஏசி இருக்கு. காத்து வந்தா வந்துட்டுப் போகுதுன்னு விட்டிருப்பான்," என்றான் திருவாரூர்க்காரன்.

எங்கள் ஊரில் கதவுக்குப் பலகை சேர்த்தால் இடுக்கில் பிளேடு நுழையக் கூடாது. நுழைந்தால் திரும்பச் செய்யச் சொல்வார்கள். நான் அப்படித்தான் வேலை கற்றேன். அப்படித்தான் அந்தச் சுவரையும் அடித்தேன். ஒவ்வொரு ஓட்டையும் பக்கத்து ஓட்டோடு தட்டி நெருக்கினேன். தேவைப்பட்டால் ஓரத்தை இழைத்தேன். ஜூன் மாதம். காற்று அடுப்புக் காற்று. மரம் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. கட்டுக்கட்டாக வந்த ஓட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு இங்கிலீஷ் காகிதம் இருந்தது. அதை விரித்துத்தான் மதியம் சாப்பிட்டோம்.

ஒரு நாள் கீழேயிருந்து காவல்காரர் பேசினார்.

"மேஸ்திரி, பழசுல எடவெளி கெடந்துச்சே. நீரு எடமே விடாம அடிக்கீரே."

நான் அடுத்த ஓட்டைத் தட்டி நெருக்கினேன். திருவாரூர்க்காரன் சொன்னான்.

"அண்ணாச்சி, நீங்க வலையப் பாருங்க. மரத்த நாங்க பாத்துக்கிறோம்."

"எனக்கென்ன," என்றார். போய்விட்டார். அதற்குப்பின் வேலையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஜூலை கடைசியில் சுவர் முடிந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். மலையாளி. வாரத்துக்கு இரண்டு தரம் ருவைஸ் கேம்பிலிருந்து வருவார். சுவரைக் கையால் தடவினார்.

"கொள்ளாம். கண்ணாடி மாதிரி," என்றார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்துக் கூரை ரிப்பேருக்கு எங்களை ஏறச் சொன்னார்.

எனக்குப் பெருமைதான். இல்லை என்று சொன்னால் பொய்.

ஆகஸ்டில் காற்று மாறியது. கடலிலிருந்து ஈரம் வந்தது. சட்டை பிழிந்தால் தண்ணீர். கண்ணாடியெல்லாம் வேர்த்தது. ஒரு காலையில் போனபோது கடல் பக்கத்துச் சுவரடியில் மூன்று ஓடு கிடந்தது. ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. சுற்றிலும் மணல் கூட்டியிருந்தது. விளக்குமாற்று வரி மட்டும்.

"யாரு இது?" என்றேன்.

"அதத்தான் நானும் கேக்கேன்," என்றார் காவல்காரர். என் கடப்பாரையைப் பார்த்தபடி கேட்டார்.

திரும்ப அடித்தோம். இரண்டு நாள் கழித்து ஐந்து. மறுநாள் இரண்டு.

ஆணி தானாகப் பிடுங்கிக்கொள்ளாது. அப்படி நினைத்தேன். அங்கே இருந்தது மூன்று பேர். நான் செய்யவில்லை. திருவாரூர்க்காரன் என் கூடவே படுத்து என் கூடவே எழுந்தான். மிச்சம் ஒரு ஆள்.

ஏன் செய்கிறார் என்பதற்கும் காரணம் கிடைத்தது. தண்ணீர் வண்டி டிரைவர் ஒரு நாள் சொன்னார். ரிப்பேர் முடிந்ததும் காலனி முழுவதையும் செக்யூரிட்டி கம்பெனியிடம் கொடுத்துவிடப்போகிறார்களாம். அப்படியானால் காவல்காரருக்கு வேலை இல்லை. வேலை முடியாமல் இழுத்தால் அவருக்கு நல்லது. அவருக்கு ஊரில் ஒரு மகள். நர்ஸ் படிப்பு. கடைசி வருடம் பாக்கி. அதை அவரே சொல்லியிருந்தார்.

"ஒரு வருசம் கூடி நான் இங்க கெடக்கணும். எனக்க மவ படிச்சு முடிச்சுட்டான்னா பெறவு நான் பெட்டியக் கெட்டிருவேன். இந்த விசா போச்சுன்னா இந்த வயசுல எவன் விசா தருவான்?"

அதைக் கேட்டபோது பாவமாக இருந்தது. இப்போது அதையே வைத்து அவரைச் சந்தேகப்பட்டேன்.

அவரும் சும்மா இல்லை. ஒரு நாள் எதிரே வந்து கேட்டார். "கேம்புக்குத் திரும்பப் போகாம இருக்கணும்னா இங்க வேல முடியாம இருக்கணும். இல்லியா மேஸ்திரி?"

"என்ன சொல்றீங்க?"

"ஒண்ணும் சொல்லல. கேக்கேன்."

கேம்பில் ஒரு ரூமுக்குப் பதினான்கு பேர். கேபினில் இரண்டு பேர். அவர் சொன்னதிலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

சாயங்காலம் சுவரடி மணலை நானே பலகையால் மட்டமாக இழுத்துவிட்டேன். கால் பட்டால் தடம் தெரியும். காலையில் வந்து பார்த்தால் மட்டம் இல்லை. விளக்குமாற்று வரிதான் இருந்தது. எனக்கு முன்னால் எழுந்து கூட்டியிருக்கிறார். தினம் கூட்டுகிறவர்தான். ஆனால் அன்றைக்குத் தடத்தை அழிக்கத்தான் கூட்டினார் என்று என் மனசு சொன்னது.

அப்புறம் அந்தக் குறியைப் பார்த்தேன். சில ஓட்டில் கீழ் ஓரத்தில் பென்சிலால் சின்னதாகச் சிலுவை போட்டிருந்தது. நகக்கண் அளவு. பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். விழுந்து கிடந்த ஓட்டையெல்லாம் எடுத்துத் திருப்பினேன். ஒவ்வொன்றிலும் சிலுவை இருந்தது.

அன்று சுவரில் குறி போட்டது ஆறு இருந்தது. திருவாரூர்க்காரனிடம் காட்டினேன்.

"நாளைக்கு இதுதான் விழும், பாரு."

மறுநாள் ஆறில் நான்கு கீழே கிடந்தது.

"யண்ணே," என்றான் அவன். "ஆளு டிக் அடிச்சு வச்சுட்டுப் பிடுங்குறாருண்ணே. பில்லு போட்டு வேல செய்றாரு."

அதற்குமேல் எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. சூப்பர்வைசர் வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் ஓட்டைப் பார்க்கவில்லை. சிலுவையைப் பார்த்தார்.

"இது யாரு வரச்சது? வெளிச் சுவர்ல?" குரல் இறங்கிவிட்டது. "வேற யாராவது பாத்தா என் ஜோலியும் போகும்."

காவல்காரரைக் கூப்பிட்டார். அவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"அடையாளம் நான்தான் போட்டேன்," என்றார்.

"பிடுங்கினது?"

"நான் தொடல."

"நீ அடையாளம் போட்டது மட்டும் விழுது. அது எப்படி?"

அவர் என்னைப் பார்த்தார்.

"விழப்போறது எதுன்னு தெரிஞ்சுது. போட்டேன்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னேன். வலையப் பாக்கச் சொன்னாவ."

சூப்பர்வைசருக்கு அது புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. மழுப்புகிறார் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் ஒதுங்கிப் போய்க் காலனி ஆபீசுக்குப் போனில் பேசிவிட்டு வந்தார்.

"கலாஸ். முடிஞ்சுது. நாளை மறுநாள் காலையில வண்டி வரும். பெட்டியக் கட்டிக்கோ. விசா கேன்சல்."

காவல்காரர் உள்ளே போய் விளக்குமாறை எடுத்துவந்து மிச்ச மணலைக் கூட்டினார்.

மறுநாள் மதியம். கோடையில் நடுப்பகல் வேலைக்குத் தடை வந்த புதிது. பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை யாரும் வெயிலில் வேலை செய்யக் கூடாது. கடல் பக்கத்துச் சுவருக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. நிழல் அது ஒன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தோம். காவல்காரர் கயிறு கட்டிய பெட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் அறையில் கரண்ட் போயிருந்தது. காற்றே இல்லை. புழுக்கம்.

சுவரில் ஒரு சத்தம் கேட்டது. விரல் சொடுக்கினது மாதிரி.

மூன்று பேரும் பார்த்தோம். ஒரு ஓடு நடுவில் உப்பி நின்றது. மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. மணலில் விழுந்தது.

பக்கத்தில் ஆள் இல்லை. எல்லோரும் கொட்டகையில் இருந்தோம்.

"கேட்டுதா மேஸ்திரி?" என்றார் காவல்காரர்.

நான் எழுந்து போனேன். வெயில் மண்டையில் அடித்தது. சுவரில் கை வைத்தேன். கண்ணாடி மாதிரி இருந்த சுவர் அலையலையாக இருந்தது. ஓடெல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றது. ஓரங்கள் நசுங்கியிருந்தன. மரம் ஈரம் குடித்து ஊதிவிட்டது. ஊதுவதற்கு இடம் இல்லை. அதனால் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. முதலில் உப்பினதைத்தான் அவர் பார்த்துப் பார்த்துக் குறி போட்டிருக்கிறார்.

வடக்குச் சுவருக்குப் போனேன். பழைய ஓடு. ஒன்றுகூட அசையவில்லை. இடுக்கு கொஞ்சம் குறைந்திருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வந்து மிச்சக் கட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தேன். குழம்புக் கறை இல்லாத காகிதம். எழுத்து தெரியாவிட்டாலும் படம் தெரியும். இரண்டு ஓடு வரைந்திருந்தது. நடுவில் இடைவெளி. இரண்டு பக்கமும் அம்புக்குறி. இரண்டு மாதம் அதன்மேல் ரொட்டியை வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

திருவாரூர்க்காரன் என்னைத் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணே, நீ ஒண்ணும் பாக்கல. நானும் பாக்கல."

"அவரு பாத்தாரே."

"அவரு நாளைக்குப் போயிருவாரு. நீ வாயத் தொறந்தா நாளைக்கு நாமளும் போயிருவோம். எனக்கு ரெண்டு தங்கச்சிண்ணே."

"அவருக்கும் மக இருக்கு."

"அதுக்கு நாம என்ன பண்றது? கையெழுத்துப் போட்டது சூப்பர்வைசரு. அவரே ஒத்துக்கமாட்டாரு."

அதுவும் உண்மைதான். போன் பண்ணினேன். சூப்பர்வைசர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ உன் ஜோலியப் பாரு. அந்த விஷயம் முடிஞ்சுபோச்சு." வைத்துவிட்டார்.

பெரிய யோசனை எல்லாம் இல்லை. வேலை என்னுடையது. தப்பும் என்னுடையது. அதற்கு வேறொரு ஆள் பெட்டி கட்டுகிறார்.

காலையில் வண்டி வருமுன் சாரத்தில் ஏறினேன். கடப்பாரையை எடுத்து மேல் வரிசையிலிருந்து பிடுங்க ஆரம்பித்தேன். விழுந்தது, விழாதது, குறி போட்டது, போடாதது எல்லாம். கீழே திருவாரூர்க்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். வண்டி வந்தபோது பாதிச் சுவர் அம்மணமாக நின்றது.

சூப்பர்வைசர் கத்தினார். "எடா, உனக்குப் பைத்தியமா?"

"இல்லங்க."

"இறங்குடா கீழ!"

"யாரு பிடுங்குனான்னு ஆபீஸ்ல கேட்டா நான்தான்னு சொல்லுங்க. அவரு ஒண்ணும் பண்ணல. இடம் விடாம அடிச்சது நான்."

"நான் கையெழுத்துப் போட்டாச்சு!"

"அதான் திரும்ப அடிச்சுத் தர்றேன். அக்டோபருக்குள்ள."

அவர் சுவரைப் பார்த்தார். பெட்டியோடு நின்ற காவல்காரரைப் பார்த்தார். சுவரில்லாமல் நிற்கிற சர்ச்சை யார் காவல் காப்பது என்றும் யோசித்திருப்பார். முதல் வெள்ளிக்கு ஆறு வாரம் இருந்தது. கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்தார். பிறகு போனை எடுத்தார். மரம் மோசம், கிழவன் பேரில் தப்பில்லை என்று ஆபீசுக்குச் சொன்னார். தன் பேரிலும் என் பேரிலும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். "இது முடிஞ்சதும் நீ ருவைஸ்ல ஷட்டரிங். மரவேலை மதி உனக்கு, போதும்."

கான்கிரீட்டுக்குப் பலகை கட்டுகிற வேலை. நல்ல தச்சன் யாரும் விரும்பிப் போகமாட்டான். சரி என்றேன்.

காவல்காரர் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார். எனக்கு நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. போட்டுக் கொடுத்ததும் நான்தானே.

இடைவெளி எவ்வளவு விடுவது என்று தெரியவேண்டும். வடக்குச் சுவரில் ஆணியை விட்டுப் பார்த்தேன். ஆடியது. உளி நுழையவில்லை. பின்னால் வந்து நின்ற காவல்காரர் காதிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். இடுக்கில் வைத்தேன். அளவெடுத்த மாதிரி நின்றது.

"ராத்திரி ஒம்ம கையில இருக்காண்டாம்," என்றார். "சாயங்காலம் தந்துரும்."

ஓடு அடித்து, பென்சிலை வைத்து, அடுத்த ஓடு. பென்சிலை எடுத்து, திரும்ப வைத்து, அடுத்தது. ஒவ்வொரு சாயங்காலமும் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு காலையிலும் வாங்கினேன். அவர் பழையபடி கீழே நின்று பார்த்தார். இப்போது நான் அடிக்கடி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இடுக்கு குறைந்தால் புருவம் நெளியும். எடுத்துத் திரும்ப அடிப்பேன். பேச்சு அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசியில் முடிந்தது. ஒரு ஓடும் விழவில்லை. சுவர் எனக்கு அழகாகத் தெரியவில்லை. சந்து சந்தாகத் தெரிந்தது. ஆனால் நின்றது.

செக்யூரிட்டி கம்பெனி அந்த வருடம் வரவில்லை. அவர் அந்த ஒரு வருடமும் அங்கேயே இருந்தார், மகள் படிப்பை முடித்தாள் என்று பிறகு தண்ணீர் வண்டி டிரைவர் ருவைஸில் சொன்னார்.

நாங்கள் கிளம்பின அன்றைக்கு அவர் கேட்டில் நின்றார். பழைய சிமெண்டுக் காகிதத்தை எடுத்து வந்திருந்தார்.

"பையத் தொறயும்."

"இன்னுமாண்ணாச்சி?" என்றான் திருவாரூர்க்காரன். "இவருதான் உங்க விசாவக் காப்பாத்துனாரு."

"அவருதான் போட்டும் குடுத்தாரு. தொறயும்."

திறந்தேன். சுத்தியல் இரண்டு. உளி மூன்று. ரம்பம். கடப்பாரை. காகிதத்தில் ஒவ்வொன்றாக விரல் வைத்தார். பையின் அடியில் கை விட்டுத் துழாவினார். நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார்.

"காதுல இருக்கது எனக்கது," என்றார்.

காலையில் கடைசியாக ஒரு தரம் இடுக்கு பார்க்க வாங்கியது, மறந்துபோயிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். தேய்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். தன் காதில் செருகிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டார்.